நூற்று எண்பத்தேழாவது வரி

“இதை எழுதினது மனுஷன்தானா, இல்ல கோழி ஏதாவது மைக்கூட்டுல விழுந்து எந்திரிச்சு நடந்து போச்சா?”

“மனுஷன்தான் மேடம். எங்கப்பா.”

பேராசிரியை பூதக்கண்ணாடியை மெல்லக் கீழே வைத்தார்.

“ஐயோ. தப்பா எடுத்துக்காதம்மா.”

“இல்ல மேடம். எங்கம்மா இதைவிட மோசமா சொல்வாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா எழுதின லெட்டரை இன்னும் படிச்சு முடிக்கலையாம். முடிச்சதும் சம்மதமா இல்லையான்னு சொல்றாங்களாம்.”

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். “அப்போ இதைப் படிக்க ஆள் இருக்குன்னு சொல்லு. நாலு வருஷமா இந்தப் படங்களை வச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருக்கேன். உன் ஆய்வேடு இதுதான். போ, அப்பாவைப் பிடி.”

அந்தப் பேச்சு பிறகு அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அப்போது, ‘மேடம், அந்தப் புத்தகத்துல எங்க வீடும் இருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். வேறு தலைப்பு கிடைத்திருக்கும். ஆனால் அவள் படங்கள் இருந்த பென்டிரைவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அந்த நகரத்தில் தொண்டை அடைப்பான் பரவியது. தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளைச் சேர்த்தார்கள். அங்கே எழுத்தராக இருந்த அப்பா எழுதிய பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி. வரிசை எண், பெயர், வயது, ஆணா பெண்ணா, நோய் ஆரம்பித்த தேதி, சேர்த்த தேதி, முறிமருந்து ஏற்றிய தேதி, மருந்தின் அளவு, முடிவு. படம் எடுத்தவர்கள் பெயர்க் கட்டத்தின்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து மறைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்குப் பெயர் வேண்டியதில்லை. வேண்டியது ஒரே கேள்விக்கு விடை: முறிமருந்து ஒரு நாள் தள்ளிப்போனால், உயிருக்கு ஆபத்து எத்தனை மடங்கு கூடுகிறது?

கணித உயிரியலில் முதுநிலைப் படிப்பு என்று சொன்னால் உறவுக்காரர்கள், “கணக்கா, உயிரியலா? ஏதாவது ஒண்ணைச் சொல்லு” என்பார்கள். முதல் வருடத்தில் அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் பேராசிரியை கரும்பலகையில் மூன்று பெட்டிகள் வரைந்தார். நோய் வரக்கூடியவர்கள், நோயில் இருப்பவர்கள், நோயைவிட்டு நீங்கியவர்கள். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. கடைசிப் பெட்டியில் பிழைத்தவர்களும் இறந்தவர்களும் ஒன்றாகவே இருந்தார்கள். “நோயைப் பொறுத்தவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணுதான். அவங்ககிட்ட அதுக்கு இனிமே வேலை இல்லை” என்றார் பேராசிரியை. அவள் தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி வெளியே போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவும் தானும் ஒரே பெட்டிக்குள் இருப்பதை அதற்கு முன் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

வீட்டில் அவளுக்குச் ‘சின்னது’ என்று பேர். “சின்னது வந்தாச்சா?”, “சின்னதுக்கு ஒரு முட்டை எடுத்து வை.” புதிதாக வருகிறவர்கள், “அப்போ பெரியது எங்கே இருக்கு? கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டுவிடுவார்கள். அப்பா வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளை நேராக வைக்கப் போய்விடுவார். அம்மா மட்டும், “இல்லைங்க. ஏழு வயசு” என்பாள். வந்தவர்கள் அவசரமாகத் தேநீரைக் குடித்து முடிப்பார்கள்.

வீடு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. பெரிய அறையின் ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷின். பள்ளிகள் திறக்க ஒரு மாதம்தான் இருந்ததால், துணிக்கடையிலிருந்து சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்து கிடந்தன. சாம்பல் நிறப் பாவாடை, வெள்ளைச் சட்டை. மற்ற வயதுக் குழந்தைகளுக்கு அம்மா அட்டை வைத்து வெட்டுவாள். ஏழு வயதுக்கு மட்டும் அட்டை எடுக்கமாட்டாள். கண்ணாலேயே வெட்டுவாள். அதில் ஒருநாளும் ஒரு விரல்கடைகூடத் தப்பியதில்லை.

கீழே கடைக்காரர் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பிலிருந்து வரும் சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். இழுத்து, அடைத்து, மறுபடியும் இழுத்து. சின்னதுக்கு அக்காவைப் பற்றி மிச்சம் இருந்த ஒரே ஞாபகம் அப்படி ஒரு சத்தம்தான். முகம்கூட நினைவில் இல்லை. ஒரே போர்வைக்குள், காதுக்குப் பக்கத்தில், இழுத்து அடைக்கிற ஒரு மூச்சு. அது நிஜமாகவே அக்காவின் மூச்சா, இல்லை பம்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தானே செய்துகொண்ட ஞாபகமா என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டதில்லை. பம்பு சத்தம் கேட்டால் அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும்.

சனி, ஞாயிறு காலைகளில் படிக்கும் வேலை நடந்தது. அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பேனாவும் அடிஸ்கேலுமாக வந்து உட்காருவார்.

“எதுக்குப்பா சட்டையெல்லாம்? பனியனோட படிச்சா எழுத்து ஓடிடுமா?” என்று சிரித்தாள் சின்னது.

“ஆபீஸ் வேலைன்னா ஆபீஸ் வேலை மாதிரி செய்யணும்” என்றார் அப்பா. சொல்லிவிட்டு அடிஸ்கேலை மடிக்கணினித் திரைமேல் வைத்து ஒரு வரியின் கீழே பிடித்தார்.

“அப்பா, ஸ்க்ரீனு! கீறுது!”

“அடிக்கோல் இல்லாம எனக்கு வரி தாண்டிடும்.”

“சின்னது, அவருக்கு அதைத் தாள்ல எடுத்துக் கொடுத்துடு” என்றாள் அம்மா மெஷினிலிருந்து. “முப்பத்தஞ்சு வருஷமா அந்தக் கட்டையோடதான் குடும்பம் நடத்தினாரு. நான் நடுவுல வந்தவ.”

மறுநாள் கல்லூரியில் படங்களைப் பெரிதாக்கி நூற்றுச் சொச்சம் தாள்களில் அச்செடுத்து வந்தாள். மழை ஆரம்பித்திருந்தது. தாள்கள் நமத்துப்போய், எடுக்கும்போது ஓசையே எழுப்பவில்லை. அப்பா வாசிக்க வாசிக்க அவள் தட்டினாள்.

“நூத்திப் பன்னெண்டு. வயசு அஞ்சு. ஆண். ஆரம்பம் மூணு. சேர்க்கை ஆறு. மருந்து ஆறு. அளவு எண்பது. முடிவு வீடு.”

வீட்டுக்குப் போன குழந்தைகளுக்கு அவர் ‘வீடு’ என்று எழுதியிருந்தார். போகாத குழந்தைகளுக்கு ‘இல்லை’. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. அவராகப் பழகிக்கொண்டது. முதல் நாள் அந்தச் சொல் வந்தபோது சின்னதுக்குக் கை தயங்கியது. ஐம்பது வரி தாண்டியபின், வீட்டுக்கு ஒன்று, இல்லைக்குப் பூஜ்யம் என்று கை தானாகப் போட்டது.

இடையில் அம்மா தேநீர் கொண்டுவருவாள். கூடவே ரொட்டி, சில நாள் அவித்த கிழங்கு. “எந்த நம்பர்ல இருக்கீங்க?” என்று மட்டும் கேட்பாள்.

“நூத்தி முப்பது” என்பார் அப்பா.

“ம்.”

இன்னொரு நாள், “நூத்தி அறுபத்தி நாலு.”

“ம்.”

மூன்று பேருக்கும் எந்த எண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை சரியாகப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் கடையில் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார்கள். அப்பா நூற்று எண்பதில் ஆரம்பித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“நூத்தி எண்பத்தேழு. வயசு ஏழு. பெண். ஆரம்பம் ஒம்பது. சேர்க்கை பதிமூணு. மருந்து பதிமூணு. அளவு இருபது. முடிவு இல்ல.”

அவள் தட்டினாள்.

“நூத்தி எண்பத்தெட்டு. வயசு நாலு. பெண். ஆரம்பம் பதிமூணு. சேர்க்கை பதிமூணு. மருந்து பதிமூணு. அளவு இருபது. முடிவு வீடு.”

இது அவள்தான். தன்னையும் தட்டி உள்ளே போட்டாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நூற்றுத் தொண்ணூற்று ஒன்று வரைக்கும் அதே குரலில் படித்துவிட்டு, “கொஞ்சம் தண்ணி கொடு கண்ணு” என்றார் அப்பா.

மறுநாள் துணிக்கடைக்குக் கொடுக்க மூட்டை கட்டும்போதுதான் சின்னது பார்த்தாள். ஒரு பாவாடையின் மடிப்பு ஓரம் முழுக்கத் தையல் இல்லை. ஊசி குத்திய துளைகள் மட்டும், கோணல் இல்லாமல், ஒரே நேராக ஓடியிருந்தன. நூல் தீர்ந்துபோனது தெரியாமல் அம்மா அந்தச் சுற்று முழுவதையும் ஓட்டியிருக்கிறாள்.

அப்பாவுக்கு ஒரு வாக்கியம் உண்டு. சின்னது பிறந்ததிலிருந்தே கேட்டதுபோல அவளுக்கு மனப்பாடம். சோறு பிசையும்போது அம்மாவின் கை நின்றுபோனால், தெருவில் ஏதோ குழந்தை இருமும்போது அம்மாவின் முகம் மாறினால், அவர் அதைச் சொல்வார்: “முதல் நாளே கொண்டு வந்த புள்ளைங்களும் போச்சும்மா. என் கையாலயே எழுதியிருக்கேன்.” அம்மா தலையை ஆட்டுவாள். கை மறுபடி பிசைய ஆரம்பிக்கும். அந்த வீடு பதினெட்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஏட்டிலிருந்து எண்களை ஏற்றினால் இரண்டு முறை ஏற்ற வேண்டும். முதல்முறை ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டுவது, இரண்டாம் முறை தனியாகப் படத்தைப் பார்த்துத் தட்டுவது. பிறகு இரண்டையும் கணினி ஒப்பிடும். அவள் இரண்டாம் முறையை முடித்தபோது பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்தான். வரிக்குதிரைக்கு வரி எப்படி விழுகிறது என்று சமன்பாடு எழுதுகிறவன். அதனால் அவன் பேரே வரிக்குதிரை.

“எத்தனை இடத்துல ஒதைக்குது?”

“பதினொண்ணு.”

“மூவாயிரத்துச் சொச்சம் கட்டத்துல பதினொண்ணுதானா? உங்கப்பாவைக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடன் கொடு. என் குதிரைக்கு இன்னும் வாலுலயே வரி விழல.”

பத்து இடங்கள் வழக்கமானவை. ஒன்று ஏழாகவும் மூன்று எட்டாகவும் தெரிந்தவை. பதினோராவது, வரி நூற்று எண்பத்தேழு, ஆரம்பத் தேதி. அப்பா வாசித்து அவள் தட்டியது ஒன்பது. படத்தில் இருந்தது பன்னிரண்டு. கோழிக் கிறுக்கலில் எழுதிய நானூறு வரிகளில் அந்தப் பன்னிரண்டு மட்டும் அச்சடித்ததுபோல் தெளிவாக இருந்தது.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு இன்னொன்று செய்தாள். ஏட்டில் உள்ளபடி, நோய் கண்ட முதல் இரண்டு நாட்களுக்குள் மருந்து ஏறியவர்களை மட்டும் பிரித்தெடுக்கச் சொன்னாள். எழுபத்தொரு குழந்தைகள் வந்தார்கள். அவர்களில் முடிவு ‘இல்லை’ என்று இருப்பவர்களைக் கேட்டாள்.

ஒரே ஒரு வரி வந்தது.

முதல் நாளே கொண்டுவந்தும் போன பிள்ளைகள். அப்பா தன் கையால் எழுதியவர்கள். ஏழு வயது, பெண். வேறு யாரும் இல்லை.

பேராசிரியை வளைவை அச்செடுத்து மேசையில் விரித்தார். கிடைக்கோட்டில் நாள். செங்குத்தில் ஆபத்து. மூன்றாம் நாளிலிருந்து வளைவு மலைபோல ஏறியது. அவர் விரல் இடதுபுறத்தில் நின்றது.

“இங்க பாரு. முதல் நாள், ரெண்டாம் நாள். இது தரையைத் தொடணும்போல இருக்கு, தொடல. இந்த ஒத்தைப் புள்ளிதான் பிடிச்சுத் தூக்கிட்டு நிக்குது. இதே வரியிலதான் தேதியும் ஒதைக்குதுன்னு சொல்ற.”

“ஆமா மேடம்.”

“எழுதினவரையே கேட்டுடு. ஏட்டுல இருக்கறதை எடுத்துக்கோ, இல்ல அவர் சொல்றதை எடுத்துக்கோ. ரெண்டுமே வேணாம்னா வரியையே விட்டுடு. ஆனா எதைச் செஞ்சாலும் காரணம் எழுதணும். ஒன்பது நாள்தான் இருக்கு, சமர்ப்பிக்க.” பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “என்னம்மா, உடம்புக்கு முடியலையா?” என்றார்.

“இல்ல மேடம். மழை.”

மறுநாள் மாலை அப்பா அம்மாவுக்குப் பொத்தான் வாங்கக் கிளம்பினார். “நானும் வர்றேன்” என்று சின்னது குடையை எடுத்துக்கொண்டாள். பொத்தான் கடையில் அவர் ஆறு டஜன் வெள்ளைப் பொத்தான் வாங்கினார். வெளியே வந்தால் குடைக்கு அடங்காத மழை. சாத்தியிருந்த ஒரு கடையின் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுந்தது.

“அப்பா. நூத்தி எண்பத்தேழு.”

அப்பா பொத்தான் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பை சிறியது. பொட்டலம் பாதி வெளியே நின்றது.

“ஏட்டுல பன்னெண்டு இருக்கு. நீங்க ஒம்பதுன்னு படிச்சீங்க.”

“ஒம்பதுன்னா படிச்சேன்?”

“ஆமாப்பா.”

அவர் மழையைப் பார்த்தார். “பன்னெண்டுன்னுதான் பார்த்தேன். கண்ணு சரியாத்தான் பார்த்துச்சு” என்றார். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சின்னது குடையை மடக்கினாள்.

“ஒம்பதாம் தேதி காலையில ‘தொண்டை வலிக்குதுப்பா’ன்னா. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சிவப்பா இருந்துச்சு, அவ்வளவுதான். உங்கம்மா அப்பவே பையை எடுத்துட்டுக் கிளம்பினா. நான்தான் நிறுத்தினேன். ‘அங்க வராண்டாவுல நாப்பது புள்ளைங்க இருமிட்டுக் கிடக்கு. வராத நோயைப் போய் வாங்கிட்டு வரணுமா’ன்னேன். நான் தினமும் அதுக்கு நடுவுல உக்காந்து எழுதறவன். எனக்குத் தெரியாததான்னு நெனச்சுட்டேன்.”

“நாலு நாளு.”

“நாலு நாளு. பதிமூணாம் தேதி காலையில மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. உனக்கும் உடம்பு சுட்டுது. ரெண்டு பேரையும் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர், ‘எப்பலேர்ந்து?’ன்னு கேட்டாரு. கண்ணு, அந்த மேசையில உக்காந்துக்கிட்டு ஊர்ல இருக்கற அப்பன் ஆத்தா எல்லாரையும் திட்டினவன் நான். ‘நாலு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க, வேடிக்கை பார்த்துட்டா?’ன்னு அழுதுட்டு நிக்கறவங்களைக் கேட்டிருக்கேன். என் வாயில நாலு நாள்னு வரல. ‘நேத்துலேர்ந்து’ன்னேன். சேந்தாப்ல ஏட்டுலயும் எழுதினேன்.”

“அளவு இருபதுன்னு இருக்குப்பா. நாலாம் நாள் வந்த மத்த எல்லாருக்கும் எண்பது.”

“ரெண்டு நாளுக்குள்ளன்னா இருபது. மேலன்னா எண்பது. சுவத்துல பெருசா ஒட்டியிருந்துச்சு. ஒட்டினவனே நான்தான்.”

ஒரு சைக்கிள் தண்ணீரை இறைத்துக்கொண்டு போனது. இருவரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

“மாத்திச் சொல்லிடணும்னு மத்தியானம் டாக்டரைத் தேடிப் போனேன். வார்டுக்குள்ள இருந்தாரு. கதவுகிட்ட நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். வெளிய வரட்டும், வந்ததும் சொல்லிடலாம்னு. அப்புறம் அவரே வெளிய வந்து, என் தோள்ல கையை வச்சாரு.”

சின்னது அவர் கையைப் பிடித்தாள். வயதான கை, ஈரமாக, எடையே இல்லாமல் இருந்தது. கோபப்பட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். நூற்று எண்பத்தெட்டாவது வரிக்கு யார்மீது கோபப்பட முடியும்? அக்காவுக்கு மூச்சு இழுத்ததால்தான் அவளை முதல் நாளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“அம்மாவுக்கு?”

“அவளுக்கு நாலு நாள்னு தெரியும். நான் நேத்துன்னு சொன்னது தெரியாது. உன்னை மடியில வச்சுக்கிட்டு பெஞ்சுல இருந்தா. மருந்து அளவும் தெரியாது.” அப்பா அவள் பக்கம் திரும்பினார். “அதை அப்படியே விட்டுடு கண்ணு. முதல் நாளே வந்த புள்ளைங்களும் போச்சுன்னு ஒரு வாக்கியம்தான் அவளுக்கு இருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கறா, தைக்கறா, சாப்பிடறா. ஏட்டுல அதுக்கு இருக்கறது இந்த ஒரு வரிதான். அதை எடுத்துட்டீன்னா நான் அவளுக்கு என்னத்தைச் சொல்வேன்?”

பன்னிரண்டு என்று விட்டால் ஆய்வு பொய். ஒன்பது என்று மாற்றினால் வளைவு தரையைத் தொட்டுவிடும், அம்மா நின்றுகொண்டிருந்த இடம் போய்விடும். இரண்டும் வேண்டாம் என்று தோன்றியது. அன்றே கணினியைத் திறந்து நூற்று எண்பத்தேழாவது வரியை நீக்கினாள். காரணம் என்ற கட்டத்தில் ‘பதிவில் முரண்’ என்று எழுதினாள். மொத்தம் நானூற்றுப் பதினொன்று என்று காட்டியது. அக்காவை இரண்டாவது முறையாக வீட்டைவிட்டு அனுப்பியதுபோல் இருந்தது. திரும்பச் சேர்த்தாள். மறுபடி நீக்கினாள். நான்கு நாள் இப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு, சுவரெல்லாம் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு அம்மா சோறும் பருப்பும் வைத்து, முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். அச்செடுத்த தாள்கள் மேசையின் மூலையில் அடுக்கியிருந்தன.

“படிக்கற வேலையெல்லாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா.”

“ரெண்டு மாசமா அப்பாவும் பொண்ணுமா வீட்டை ஆபீஸ் ஆக்கினீங்க. கடைசியில என்னதான் வந்துச்சுன்னு எனக்கும் காட்டு. மூணாங் கிளாஸோட நின்னவ இல்ல நானு. பத்து வரைக்கும் போனவதான்.”

அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். சின்னது பையிலிருந்து வளைவை எடுத்து, தட்டுகளுக்கு நடுவே வைத்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

“இது நாளு. மேல போகப் போக ஆபத்து” என்றாள் சின்னது.

“இடுப்பு வெட்டு மாதிரி இருக்கு” என்றாள் அம்மா. விரலால் வளைவைப் பின்பற்றி நான்காம் நாளில் வந்து நின்றாள். அங்கே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு விரலைத் திருப்பி முதல் நாளுக்குக் கொண்டுவந்தாள். “இங்க எத்தனை புள்ளைங்க?”

“ரெண்டு நாளுக்குள்ள வந்தவங்க எழுபத்தொண்ணு.”

“அதுல எத்தனை போச்சு?”

“சாப்பாடு ஆறுது” என்றார் அப்பா.

“ஆறட்டுங்க. சொல்லு சின்னது. எத்தனை?”

“ஒண்ணும்மா.”

“எழுபத்தொண்ணுல ஒண்ணுதானா?” அம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். “அந்த ஒண்ணு எந்த வீட்டுப் புள்ளை?”

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தவில்லை.

“நம்மளதா?” என்றாள்.

“அம்மா…”

“அப்போ வேற யாருமே இல்லையா?” அம்மாவின் குரலில் அழுகை இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “முதல் நாளே தூக்கிட்டு ஓடி வந்தும் பறிகொடுத்தவங்கன்னு சொன்னீங்களே. தினமும் விளக்கு வைக்கறப்போ அவங்களையும் நெனச்சுப்பேன். நாமளாவது நாலு நாள் விட்டோம், அந்தத் தாய்ங்க என்ன பாவம் பண்ணினாங்கன்னு. பதினெட்டு வருஷமா அவங்களுக்கும் சேர்த்து அழுதுட்டு இருந்தேங்க. அப்படி ஒருத்தி இல்லவே இல்லையா?”

“உனக்கு எதையாவது சொல்லணுமேன்னுதான்…” என்றார் அப்பா.

“தெரியும்.”

“நான் டாக்டர்கிட்ட நேத்துன்னு…”

“அதுவும் தெரியும்.” அம்மா நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பெஞ்சு எவ்வளவு தூரம், ஆறடி இருக்குமா? காதுல விழுந்துச்சு. ஆஸ்பத்திரிலயே இருக்கறவரு, ஏதோ காரணமாத்தான் சொல்றாருன்னு இருந்துட்டேன். ‘இல்லைங்க டாக்டர், நாலு நாளாச்சு’ன்னு எந்திரிச்சு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஊசியில நூல் கோக்கற நேரம். நானும்தான் வாயைத் திறக்கல. மருந்து கம்மியாப் போச்சுன்னு மறுநாள் சின்னதோட கட்டில்கிட்ட இருந்தப்பவே தெரியும். பக்கத்துக் கட்டில் புள்ளைக்குப் பெரிய பாட்டில் தொங்குச்சு. அதோட அம்மா மூணு நாளுன்னு சொல்லியிருந்தா.”

“ஒரு தடவைகூட என்னைக் கேக்கலையே நீ.” அப்பாவின் கை சோற்றிலேயே இருந்தது. 

“நீங்க எனக்காக அந்த வாக்கியத்தைச் சொல்லிட்டு இருந்தீங்க. கேட்டா நீங்க உடைஞ்சுடுவீங்கன்னு நான் தலையை ஆட்டிட்டு இருந்தேன்.”

பிறந்ததிலிருந்து பழக்கமான இந்த இரண்டு பேரையும் இப்போதுதான் பார்ப்பதுபோல் சின்னதுக்கு இருந்தது.

அம்மா தாள் அடுக்கைத் தன் பக்கம் இழுத்தாள். தேடவில்லை. எந்தத் தாள் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. உருவி எடுத்து, தண்ணீர் படாத இடமாகப் பார்த்து விரித்தாள். பெயர்க் கட்டம் வெள்ளையாக இருந்தது. மகளின் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கணவரின் இடதுகைப் பக்கமாக வைத்தாள். பிறகு அவருடைய வலது கையைச் சோற்றிலிருந்து தூக்கி, தன் முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள்.

“ஏட்டுல திருத்தினா சுரண்டக்கூடாது, ஒரே கோடா அடிக்கணும், பக்கத்துல ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னு சொல்வீங்களே.”

“ஆமா.”

“உங்ககிட்ட இதைக் கேக்கணும்னு பதினெட்டு வருஷமா நெனச்சுட்டு இருக்கேன்” என்றாள் அம்மா. “அந்தப் பன்னெண்டை அடிச்சிட்டு ஒம்பதுன்னு எழுதுங்க. ரெண்டாவது கையெழுத்து நான் போடறேன்.”